கைப்பிடிக் கம்பியின் உயரம்

தூத்துக்குடி
12.05.2025

அன்புள்ள அப்பாவுக்கு,

ஜெனிலா எழுதுகிறேன். நாங்கள் மூவரும் நல்ல சுகம். உங்கள் முழங்கால் வலி எப்படி இருக்கிறது? பேச்சிச்செல்வி நேரத்துக்கு வந்து சமைத்துத் தருகிறாளா, இல்லை மறுபடியும் பிரெட்டும் பழமும்தானா?

போனில் பேசினால் உங்களுக்குக் கேட்பதில்லை. வாட்ஸப்பில் போட்டால் அண்ணன் தினமும் அனுப்பும் காலை வணக்கப் பூக்களுக்கு நடுவே என் கேள்வி காணாமல் போய்விடும். காது மிஷின் மாட்டுங்கள் என்றால், "கிழவன் ஆயிட்டேன்னு ஊருக்கெல்லாம் சொல்லணுமாக்கும்?" என்பீர்கள். ஆகவே பழையபடி தாளும் பேனாவும். எனக்கும் கையெழுத்து மறக்காமல் இருக்கும்.

விஷயம் இதுதான். உங்கள் எழுபத்தைந்தாவது பிறந்தநாளுக்கு பெனிஸ்டன் அண்ணன் சுற்றுலாக் கப்பலில் இடம் போட்டிருக்கிறான். காலாண்டு விடுமுறையில், செப்டம்பர் 28 அன்று சென்னையில் ஏறி, இலங்கைக்குப் போய், ஐந்தாம் நாள் திரும்ப வேண்டும். எனக்கு அனுப்பிய பட்டியலில் ஏழு பெயர். நீங்கள், அண்ணன், ஜாய் மதினி, அவர்களுடைய பெண்கள் இரண்டு பேர், நான், உங்கள் மருமகன் நேசக்குமார். என் மகன் பினியேல் பெயர் இல்லை.

மதினியைக் கூப்பிட்டுக் கேட்டேன். "ஏளா ஜெனி, அவனுக்குக் கூட்டம், சத்தம் எல்லாம் ஒத்துக்கிடாதுல்லா? சாத்தான்குளத்துல பேபி சித்தி பார்த்துக்கிடுதேன்னு சொல்லுதாங்க. உனக்கும் அஞ்சு நாள் ரெஸ்டு" என்றார்கள். ரெஸ்டு கேட்டு நான் யாரிடமும் மனுப் போடவில்லையே அப்பா.

ஆட்டிசம் என்று டாக்டர் சொன்னதிலிருந்து இந்த மூன்று வருடத்தில் கல்யாண வீடு, கோயில் அசன விருந்து, கிறிஸ்துமஸ் பவனி என்று ஒவ்வொன்றிலிருந்தும் எங்களை மெல்லக் கழற்றிவிட்டார்கள். எல்லாரும் அன்பாகத்தான் கழற்றிவிட்டார்கள். அந்த அன்பு எனக்குப் போதும் போதும் என்றாகிவிட்டது.

ஆகவே நேற்று அண்ணனிடம் சண்டை போட்டு எட்டாவது பெயரையும் சேர்த்துவிட்டேன். பினியேல் வருகிறான். உங்கள் சம்மதம் கேட்டு எழுதவில்லை, தகவல் சொல்கிறேன்.

உங்கள் மகள்,
ஜெனிலா


நாசரேத்
24.05.2025

பிரியமான மகள் ஜெனிலாவுக்கு,

அப்பா எழுதுவது. கர்த்தருடைய கிருபையால் இங்கே நலம். உன் சுகமும் மாப்பிள்ளை சுகமும் அறிய விரும்புகிறேன்.

முழங்காலுக்குத் தைலம் தேய்க்கிறேன். தைலம் தீர்கிறது, வலி தீரவில்லை. பேச்சிச்செல்வி ஒழுங்காக வருகிறாள். உப்பைத்தான் ஒழுங்காகப் போடுவதில்லை. கொய்யா இந்த வருடம் நன்றாகக் காய்த்து, அவ்வளவையும் கிளிகள் தின்றன.

கப்பல் விஷயம். கடல் என்பது தரை அல்ல. இது அப்பாவின் அபிப்பிராயம்தான், உத்தரவு அல்ல. பேபி பொறுமைசாலி. அவள் வீட்டுக்குச் சுற்றுச்சுவர் உண்டு. வெளிக்கேட்டுக்குப் பூட்டு உண்டு. எனக்காக நடக்கிற காரியத்தில் யாருக்கும் ஒரு கஷ்டம் வரக்கூடாது என்று நினைக்கிறேன். யோசித்துச் செய்.

வெள்ளிக்கிழமை உபவாச ஜெபத்தில் பையன் பெயரைச் சுகவீனர் பட்டியலில் கொடுத்தேன். குருவானவர் வாசித்தார். எல்லாரும் பாரத்தோடு ஜெபித்தார்கள்.

கர்த்தர் உங்களைக் காப்பாராக.

அப்பா
சா. ஞானையா


தூத்துக்குடி
02.06.2025

அன்புள்ள அப்பாவுக்கு,

உங்கள் கடிதம் கிடைத்தது. முழங்காலுக்குத் தைலம் போதாது, டாக்டரிடம் காட்டுங்கள். நாங்கள் நலம்.

உங்கள் நலவிசாரிப்பில் நான் இருக்கிறேன், மாப்பிள்ளை இருக்கிறார். மூன்றாவது ஆள் இல்லை. முப்பத்தாறு வருடம் பள்ளிக்கூடத்தில் ஆஜர் எடுத்தவர் நீங்கள். ஒரு பெயரைத் தெரியாமல் தாண்டிப் போகிறவர் இல்லை. சுகவீனர் பட்டியலில் மட்டும் அவன் பெயர் மறக்காமல் இருக்கிறது. அவனுக்குக் காய்ச்சல் இல்லை, சீதபேதி இல்லை. ஆறு வயதில் ஐந்து வார்த்தை பேசுகிறான், அவ்வளவுதான். தயவுசெய்து அந்தப் பட்டியலிலிருந்து அவனை எடுத்துவிடுங்கள்.

இங்கே நாங்கள் ஒத்திகையில் இருக்கிறோம். கப்பலின் படங்களை அட்டையில் ஒட்டி வரிசையாகச் சுவரில் மாட்டியிருக்கிறேன். ஏணி, கதவு, கட்டில், சாப்பாட்டு அறை, கடல், வீடு. தினமும் காலையில் அவனே விரல் வைத்துக் கடைசிவரை போகிறான். 'வீடு' அட்டை வந்ததும் ஒரு பெருமூச்சு. கப்பலில் பாதுகாப்பு ஒத்திகைக்கு ஏழு குட்டைச் சங்கும் ஒரு நெட்டைச் சங்கும் ஊதுவார்களாம். அதைப் போனில் தேடிப் பிடித்து, முதல் நாள் ஈ பறக்கிற அளவுக்கு வைத்தேன். இப்போது பாதிச் சத்தம்வரை வந்துவிட்டான். பக்கத்து வீட்டுக்காரர்கள்தான் இன்னும் பழகவில்லை.

துறைமுகத்தில் கிரேன் ஓட்டுகிறவர்கள் சத்தத்துக்குக் காதை மூடிப் போடும் இயர் மஃப் ஒன்றை உங்கள் மருமகன் வாங்கி வந்து, பட்டையைச் சுருக்கி அவன் தலைக்குத் தகுந்தபடி செய்துவிட்டார். ஞாயிறுதோறும் அவரோடு வேலை பார்க்கும் செந்தூர்வேல் அண்ணாச்சியின் ஃபைபர் படகில் முயல் தீவு வரை போய்வருகிறோம். முதல் வாரம் படகைப் பார்த்ததும் அழுதான். இரண்டாம் வாரம் ஏறினான். மூன்றாம் வாரம் இறங்கமாட்டேன் என்று அழுதான். "ஏலே, இவன் எனக்கு முன்னால சுக்கான் பிடிச்சிருவான் போலுக்கே" என்கிறார் அண்ணாச்சி.

வெளிக்கேட்டுப் பூட்டுக்குள் அவனை வைக்க நான் பெறவில்லை அப்பா.

ஜெனிலா


நாசரேத்
20.06.2025

பிரியமான மகள் ஜெனிலாவுக்கு,

உன் சுகமும், மாப்பிள்ளை சுகமும், பினியேல் சுகமும் அறிய ஆவல். இங்கே ஆண்டவர் கிருபையால் ஒரு குறையும் இல்லை. பட்டியலிலிருந்து பெயரை எடுத்துவிட்டேன்.

சில விவரங்கள் தேவை. கப்பல் மேல்தளத்தில் சுற்றிலும் இருக்கிற கைப்பிடிக் கம்பி எவ்வளவு உயரம்? கம்பிக்கும் கம்பிக்கும் நடுவில் இடைவெளி எத்தனை அங்குலம்? தளம் ஈரமானால் வழுக்குமா? மேல்தளத்துக்குப் போகும் கதவைக் குழந்தைகள் தாங்களாகத் திறக்க முடியுமா? அங்கே ஆள் காவல் உண்டா? பையன் படகில் போகும்போது மிதவைச் சட்டை போடுகிறானா? அவன் கையை யார் பிடித்திருக்கிறார்கள்?

பொது அறிவுக்காகத்தான் கேட்கிறேன். பதில் எழுதவும்.

அப்பா


தூத்துக்குடி
05.07.2025

அன்புள்ள அப்பாவுக்கு,

எல்லாரும் சுகம். பினியேலுக்கு முன்பல் ஒன்று விழுந்துவிட்டது. அதைக் கையில் வைத்துக்கொண்டு யாரிடமும் தரமாட்டேன் என்கிறான்.

உங்கள் வினாத்தாளுக்கு விடை. நான் வேலை பார்ப்பதே கப்பல் ஏஜென்சி ஆபீஸ் என்பதால் கேட்டுச் சொல்ல ஆள் இருந்தது. கம்பி ஏறக்குறைய மூன்றே முக்கால் அடி உயரம். இவன் மூன்றடி எட்டு அங்குலம். மேல்தளத்தில் கம்பிக்குக் கீழே இடைவெளியே இல்லை, கண்ணாடித் தடுப்பு. கதவு கனம், எனக்கே தோளைக் கொடுத்துத் தள்ள வேண்டியிருக்கும். ஆள் உண்டு, கேமரா உண்டு. மிதவைச் சட்டை போடுகிறான், கையை நான் பிடித்திருக்கிறேன். நூற்றுக்கு எத்தனை போடுவீர்கள்?

இப்போது கெட்ட செய்தி. அந்தக் கப்பல் கம்பெனியிலிருந்து திடீரென்று ஒரு மெயில். பினியேல் 'பயணத்துக்குத் தகுதியானவன்' என்று சிறப்பு டாக்டரின் சான்றிதழ் வேண்டுமாம். மூன்று வாரத்துக்குள் தராவிட்டால் அவன் பயணம் ரத்தாம். டிக்கெட் போட்டபோது ஒருவரும் இதைக் கேட்கவில்லை. யாரோ போய்ச் சொல்லியிருக்கிறார்கள்.

யார் என்று எனக்குத் தெரியும். ஜாய் மதினிதான். நேற்று போனில் நன்றாகக் கொடுத்துவிட்டேன். "உங்க பிள்ளைகள் போட்டோவுல அழகா விழணும், அதுக்கு எம் பிள்ளை இடைஞ்சலாக்கும்" என்றுகூடக் கேட்டுவிட்டேன். மதினி, "நான் ஒண்ணும் சொல்லலளா, சத்தியமாச் சொல்லல" என்று அழுதார்கள். அழட்டும். சான்றிதழ் வாங்காமல் விடமாட்டேன். நீங்கள் மனதைப் போட்டு அலட்டிக்கொள்ள வேண்டாம்.

ஜெனிலா


தூத்துக்குடி
16.07.2025

அப்பாவுக்கு,

நலம். நீங்கள் நலமா என்று கேட்க இன்று மனம் வரவில்லை, ஆனாலும் கேட்டுவிட்டேன்.

சான்றிதழோடு கம்பெனிக்குப் போன் செய்து, என் மகனைப் பற்றி உங்களுக்குச் சொன்னது யார் என்று கேட்டேன். அந்தப் பெண் மரியாதையாக, "மேடம், குழந்தையோட தாத்தாவே லெட்டர் போட்டிருக்காங்களே" என்றாள். ஸ்கேன் செய்து அனுப்பியும் வைத்தாள்.

ஆங்கிலத்தில் நான்கு பத்தி. பொருள், பார்வை எல்லாம் ஒழுங்காகப் போட்டு, மேலதிகாரிக்கு எழுதுகிற மாதிரி. இப்படிப்பட்ட குழந்தையைக் கப்பலில் அனுமதிப்பது விதிகளுக்கு உட்பட்டதா என்று தெரிவிக்குமாறு பணிவுடன் வேண்டி, கீழே சா. ஞானையா, தலைமையாசிரியர், ஓய்வு. இந்த உலகத்தில் யாரும் கேட்காத அனுமதியை எழுதிக் கேட்கிற ஒரே மனிதர் நீங்கள்தான். தேதியையும் பார்த்தேன். ஜூன் இருபது. என்னிடம் கம்பி எவ்வளவு உயரம் என்று கேட்ட அதே நாள். இரண்டையும் ஒரே நடையில் போய்த் தபாலில் போட்டீர்களா?

மதினியிடம் மன்னிப்புக் கேட்டேன். அவர்கள் ஒரு வார்த்தை கடிந்து சொல்லவில்லை, அதுதான் எனக்கு அதிகமாகச் சுட்டது.

டாக்டர் கையெழுத்துப் போட்டுவிட்டார். கம்பெனியும் சரி என்றுவிட்டது. பினியேல் வருகிறான்.

அவனைப் பார்க்க உங்களுக்கு வெட்கமாக இருக்கிறதென்றால் என்னிடம் நேரே சொல்லியிருக்கலாம்.

ஜெனிலா


நாசரேத்
30.08.2025

பிரியமான மகள் ஜெனிலாவுக்கு,

ஆறு வாரமாகப் பதில் எழுதவில்லை. நான்கு முறை எழுதிக் கிழித்தேன். நீயும் மாப்பிள்ளையும் பினியேலும் சுகமாக இருக்க வேண்டும் என்பதைத் தவிர எனக்கு வேறு வேண்டுதல் இல்லை.

வெட்கம் இல்லை, ஜெனிலா. அவனைக் குறித்து ஒருநாளும் இல்லை.

சென்ற கிறிஸ்துமஸ் விடுமுறையில் நாம் எல்லாரும் மணப்பாடு கடற்கரைக்குப் போனோம். நீங்கள் மேலே சிலுவைக் கோயிலைப் பார்க்கப் போனீர்கள். என்னால் மேடு ஏற முடியாது என்று பினியேலோடு கீழே மணலில் நின்றேன். அவன் கை என் கையில் இருந்தது. அப்போது சிவனாண்டி என்கிற பழைய மாணவன் என்னைக் கண்டு ஓடிவந்தான். இப்போது பெரிய அதிகாரி. "சார், நீங்க அடிச்ச அடிதான் சார்" என்று காலில் விழப் போனான். நான் இரண்டு கையாலும் அவனைத் தூக்கினேன். இரண்டு கையாலும்.

பிறகு அவன் பேசிக்கொண்டே இருந்தான். பாதி கேட்கவில்லை. ஆனால் புகழ்ச்சி என்பது முகத்தைப் பார்த்தாலே தெரியும். நான் நின்று ரசித்தேன். எத்தனை நிமிடம் என்று தெரியாது. யாரோ என் தோளைப் பிடித்து உலுக்கினார்கள். வலை காயப்போட்டுக்கொண்டிருந்த மீனவர். அவருடைய மற்ற கையில் பினியேல். தலை தொங்கிக் கிடந்தது. குப்புறப் போட்டு முதுகில் தட்டினார். தண்ணீர் வந்தது. அப்புறம் அழுதான். அவர் என்னைப் பார்த்துச் சொன்னார், "எத்தன கூப்பாடு போட்டேன் ஐயா, திரும்பிப் பாக்காம நிக்கீகளே."

எனக்குக் கேட்கவில்லை, மகளே. எனக்குப் பின்னால் இருபது அடியில் நடந்தது.

அவரிடமும் சிவனாண்டியிடமும் யாருக்கும் சொல்ல வேண்டாம் என்று கும்பிட்டேன். நீங்கள் இறங்கி வந்தபோது, "அலை வந்து நனைச்சிட்டு" என்றேன். நீ நம்பினாய்.

அன்றிலிருந்து அவன் தண்ணீர்ப் பக்கம் போவதை நினைத்தாலே எனக்குப் பயமாக இருக்கிறது. கம்பெனி வேண்டாம் என்று சொல்லிவிட்டால் உனக்கும் எனக்கும் மனஸ்தாபம் இல்லாமல் முடிந்துவிடும் என்று எழுதினேன். அது கோழைத்தனம்.

அவன் வருவதானால் நான் வரவில்லை. நீங்கள் எல்லாரும் போய்வாருங்கள்.

அப்பா


தூத்துக்குடி
06.09.2025

அப்பாவுக்கு,

உங்கள் கடிதத்தை ஆபீசில் வைத்துப் படித்தேன். பக்கத்து மேஜைக்காரி தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தாள். நான் இப்போது நலம். நீங்கள் மாத்திரை ஒழுங்காகச் சாப்பிடுங்கள்.

உங்களுக்குத் தெரியாத ஒன்றை நானும் சொல்கிறேன். அன்று அவன் புதுச் சட்டையெல்லாம் உப்புத் தண்ணீர். வேனில் ஏறமாட்டேன் என்று புரண்டு கத்தினான். சொல்லச் சொல்லக் கேட்காமல் தண்ணீரில் இறங்கி விளையாடியிருக்கிறான் என்று நினைத்து, வேனுக்குப் பின்னால் கூட்டிப் போய் அவனை அடித்தேன். கன்னத்தில். இரண்டு முறை. மூச்சு முட்டிச் சாகப் போய்த் திரும்பிய பிள்ளையை அரை மணி நேரத்துக்குள் பெற்றவள் அடித்தேன். 'நான் முழுகினேன் அம்மா' என்று சொல்ல அவனால் முடியாது. உங்களால் முடியும்.

கை விட்டதை நான் மன்னிக்க வேண்டியதே இல்லை. எனக்கும் கை விட்டிருக்கிறது. பெரிய கோயில் தெருவில் ஒருமுறை, ரயில்வே ஸ்டேஷனில் ஒருமுறை. இந்தப் பிள்ளையை வளர்க்கிற யாருக்கும் கை விடும். எட்டு மாதம் வாயை மூடிக்கொண்டிருந்தீர்களே, அதற்கு என்ன செய்வது என்று எனக்கு இன்னும் தெரியவில்லை. தெரிந்ததும் சொல்கிறேன்.

ஆனால் இதற்காக அவன் இனிமேல் கடலையே பார்க்கக்கூடாது என்றால் முடியாது. நாம் இருப்பது எங்கே? வீட்டுக் கதவைத் திறந்தால் உப்புக் காற்று. அவனுடைய அப்பாவுக்குச் சோறு போடுவது துறைமுகம். இந்த ஊரில் வளருகிற பிள்ளையைக் கடலுக்கு ஒளித்து எங்கே கொண்டுபோய் வைப்பீர்கள்? அவன் ஒரு தடவை முழுகினான், பிறகும் படகில் ஏறினான். உங்களுக்கு என்ன வந்தது?

நீங்களும் வருகிறீர்கள். 27-ஆம் தேதி ரயிலுக்கு நாசரேத்தில் உங்களை ஏற்ற உங்கள் மருமகன் வருவார். கதவைப் பூட்டிக்கொண்டு உள்ளே இருந்தால் பேச்சிச்செல்வியிடம் மாற்றுச் சாவி இருக்கிறது. பேசிவிட்டேன்.

ஜெனிலா


கப்பல், 6-ஆம் தளம்
29.09.2025, மாலை

ஜெனிலாவுக்கு,

உன் கேபின் கதவுக்கு அடியில் இதைச் செருகுகிறேன். எல்லாரும் சுகமாக இருக்கிறீர்கள் என்று நம்புகிறேன், நடுவில் ஒரே ஒரு சுவர்தான் இருந்தாலும்.

மதியம் பிறந்தநாள் சாப்பாட்டின் நடுவில் எழுந்து வந்துவிட்டேன். பணியாளர்கள் கேக்கைக் கொண்டுவந்து கைதட்டிப் பாடியதும் பினியேல் தரையில் விழுந்து கத்தினான். அவன் வாய் திறந்திருந்ததைப் பார்த்தேன். எனக்கு மணல்தான் ஞாபகம் வந்தது. இருக்க முடியவில்லை. உன்னைத் தனியே விட்டு வந்தேன், அது தப்பு.

பக்கத்து மேஜைக்காரர் உன்னைப் பார்த்து ஏதோ சொன்னார். நீ எழுந்து பதில் சொன்னாய். அவர் முகம் விழுந்ததைக் கண்டேன். என்ன சொன்னாய்?

மேல்தளத்துக்கு நான் வரவில்லை. கேபின் ஜன்னலே போதும். என்னைக் கட்டாயப்படுத்த வேண்டாம்.

அப்பா


கப்பல், 6-ஆம் தளம்
29.09.2025

அன்புள்ள அப்பாவுக்கு,

பிறந்தநாள் வாழ்த்துகள். சாப்பாட்டைப் பாதியில் விட்டீர்கள், தயிர் சாதம் அனுப்பச் சொல்லியிருக்கிறேன். சாப்பிடுங்கள்.

அந்த ஆள், "இந்த மாதிரிப் பசங்களை எதுக்கு இங்கல்லாம் கூட்டிட்டு வர்றாங்க" என்றார். "ஏன், உங்களையும் கூட்டிட்டுத்தான் வந்திருக்காங்க, நாங்க எதும் கேட்டமா? அவனும் டிக்கெட்டோடதான் வந்திருக்கான். இன்னும் பத்து நிமிஷம் கத்துவான், அப்புறம் நிப்பாட்டிருவான். நீங்க எப்போ நிப்பாட்டுவீங்க?" என்றேன். அண்ணன் தலையைக் குனிந்துகொண்டான். ஜாய் மதினி எழுந்து வந்து என் பக்கத்தில் நின்றார்கள். பத்து நிமிடம் என்று சொன்னேன், ஏழு நிமிடத்தில் நிறுத்திவிட்டான். பிறகு மேஜைக்கு அடியில் உட்கார்ந்து கேக்கிலிருந்த வெள்ளை க்ரீமை மட்டும் வழித்துச் சாப்பிட்டான். உங்கள் பிறந்தநாளை மனதாரக் கொண்டாடியது அவன் ஒருவன்தான்.

இயர் மஃபை அந்த நேரம் கழற்றி வைத்தது என் தப்பு. போட்டோவுக்காகக் கழற்றினேன். மதினியை என்ன சொல்லித் திட்டினேனோ அதையே நானும் செய்தேன். எழுதவே கூச்சமாக இருக்கிறது.

நீங்கள் கட்டாயப்படுத்த வேண்டாம் என்கிறீர்கள். கட்டாயப்படுத்துகிறேன். நாளைக் காலை ஆறரைக்கு மேல்தளத்துக் கதவடியில் வந்து நில்லுங்கள். அவன் கையை உங்களிடம் கொடுப்பேன். நீங்கள் இரண்டு பேர் மட்டும் ஒரு மணி நேரம் நடக்க வேண்டும். நான் வரமாட்டேன். உங்கள் மருமகனையும் அனுப்பமாட்டேன்.

எட்டு மாதத்துக்கு என்ன செய்வது என்று தெரியவில்லை என்றேனே. இதுதான்.

ஜெனிலா


நாசரேத்
09.10.2025

பிரியமான மகள் ஜெனிலாவுக்கும், மாப்பிள்ளைக்கும், பினியேலுக்கும்,

ரயில் அலுப்புத் தீர்ந்து நலமாக இருக்கிறேன். உங்கள் எல்லாருடைய சுகத்துக்கும் பதில் எழுதவும். அந்தக் காலையைப் பற்றி நீ என்னிடம் ஒன்றும் கேட்கவில்லை. கேட்காமல் இருந்தது உன் பெரிய மனது. நானே எழுதுகிறேன்.

கதவடியில் அவன் கையை என் கையில் வைத்துவிட்டு, எப்படிப் பிடிக்க வேண்டும் என்றுகூடச் சொல்லாமல் திரும்பிப் பாராமல் போனாய். நான் இறுக்கிப் பிடித்தேன். அவனுக்குப் பிடிக்கவில்லை, உதறினான். தளர்த்தினால் எனக்கு உயிர் போகிறது. கடைசியில் என் ஆள்காட்டி விரலை மட்டும் நீட்டினேன். அதைப் பிடித்துக்கொண்டான். அப்படியே நடந்தோம். கம்பிப் பக்கம் நான், உள்பக்கம் அவன்.

மூன்றாவது சுற்றில் விரலை விட்டுவிட்டு ஓடினான். என் முழங்காலைக் கொண்டு ஓட முடியுமா? "ஏலே பினியேலு! நில்லுலே!" என்று கத்தினேன். அவன் காதில் இயர் மஃப். அன்று கூப்பிட்டது எனக்குக் கேட்கவில்லை, இன்று கூப்பிட்டது அவனுக்குக் கேட்கவில்லை. அவன் கம்பிக்குப் போகவில்லை. புகைபோக்கிக்குக் கீழே இருக்கிற இரும்புச் சுவருக்குப் போனான். இரண்டு உள்ளங்கையையும் கன்னத்தையும் அதில் வைத்து நின்றான். நான் மூச்சு வாங்கப் போய்ச் சேர்ந்ததும் என் கையைப் பிடித்து இழுத்து அந்தச் சுவரில் வைத்தான். உள்ளே என்ஜின் ஓடுகிறது அல்லவா, அது கையில் அதிர்ந்தது. அவனைப் போலவே நானும் கன்னத்தை வைத்துப் பார்த்தேன். எலும்பு வழியாக எனக்குக் கேட்டது, ஜெனிலா. நல்ல கனமான சத்தம். இரண்டு பேரும் அப்படியே நின்றோம். ஆறு வருடத்தில் அவன் எனக்கு ஒன்றைக் காட்டியது அதுதான் முதல் முறை. முன்பும் காட்டியிருக்கலாம், நான் பார்த்திருக்கமாட்டேன்.

நடக்க வந்த ஒரு அம்மாள் எங்களைப் பார்த்து நின்று ஏதோ கேட்டாள். இரண்டு தடவை சொல்ல வைத்துத்தான் புரிந்தது. "பேரனுக்கு உடம்பு சரியில்லையா?" என்கிறாள். "அவன் சுகமாத்தான் இருக்கான். எனக்குத்தான் காது கேக்காது" என்றேன். ஊரறிய அதைச் சொன்னது அன்றுதான். சொன்ன பிறகு ஒன்றும் குறைந்துபோகவில்லை.

ஏழரைக்கு அவனைக் கொண்டுவந்து உன்னிடம் விட்டேன். நீ, "காப்பி குடிச்சீங்களாப்பா?" என்று மட்டும் கேட்டாய். இந்த மகளுக்கு எவ்வளவு தைரியம் என்று நினைத்துக்கொண்டேன்.

ரயிலில் வரும்போது ஜாய் என் காதருகே வந்து சத்தமாகச் சொன்னாள். அந்த ஒரு மணி நேரமும் நீ உட்காரவே இல்லையாம். மேல்தளத்துக் கதவுவரை ஏறி வருவதும், கைப்பிடியைத் தொடுவதும், திரும்பிப் போவதுமாக இருந்தாயாம். மாப்பிள்ளை நான் போய்ப் பார்க்கட்டுமா என்று கேட்டதற்கு, "யாரும் போகக்கூடாது" என்றாயாம். "ஆனா கதவைத் திறக்கல மாமா" என்றாள்.

வருகிற 18-ஆம் தேதி சனிக்கிழமை சாயர்புரம் வழியாக வருகிற காலை பஸ்ஸில் வருகிறேன். பினியேலை நான் கடற்கரைக்குக் கூட்டிக்கொண்டு போகிறேன். எங்களோடு யாரும் வர வேண்டாம். நீ வீட்டில் உட்கார்ந்திரு. தூங்க முடிந்தால் தூங்கு.

அப்பா